வெயில் படாத இடத்தில் வைக்கவும்

எங்கள் ஊரில் தேதி முடிந்துவிட்டது என்று எதையும் தூக்கிப் போட்டதாகச் சரித்திரமே கிடையாது. காய்ச்சல் மாத்திரை தேதி தாண்டினால் வீரியம் பாதிதான் இருக்கும், ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள் என்பார்கள், இருமல் மருந்து தேதி தாண்டினால் ஒரு மூடிக்கு இரண்டு மூடி குடி என்பார்கள், பூச்சி மருந்து தேதி தாண்டினால் காட்டுக்கு இரண்டு தடவை அடி என்பார்கள், இப்படி எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கியே வாழ்ந்த ஊர் இது. அதில் செத்தவர்களும் உண்டு, பிழைத்தவர்களும் உண்டு. பிழைத்தவர்கள்தானே வந்து பேசுவார்கள், அதனால் அந்த வைத்தியம் இன்றைக்கும் நடக்கிறது.

நான் இந்த ஊரில் மாவு மில் வைத்திருக்கிறவள். சந்தனமாரி என்றால் அடுத்த தெருவுக்குத் தெரியாது, மில்லுக்காரி என்றால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி என் தொண்டை அப்படி ஆகிவிட்டது, நான் ரகசியம் சொன்னால்கூட ரெண்டு வீட்டுக்குக் கேட்கும், அதனால் என்னிடம் யாரும் ரகசியம் சொல்வதில்லை. என் மில்லுக்கு எதிர்த்த வீட்டுக்கு வாழ வந்தவள்தான் சூரியகலா. அவள் கதையை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். முடிவு மட்டும் எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் நான்தான் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

சூரியகலாவைத் தங்கமாரிக்குப் பேசி முடித்தது போட்டோவில். தங்கமாரி மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், தாய் தகப்பன் இல்லாதவன், ஒரே ஒரு அக்கா, அவளும் கோயம்புத்தூரில் குடும்பமும் குட்டியுமாக இருந்தாள். ஸ்டுடியோக்காரன் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்க வைத்திருந்த போட்டோவைப் போனில் பார்த்துவிட்டு அங்கிருந்தே சரி என்றான், முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வந்து இறங்கினான், நிச்சயம் ஆன பெண்ணை மணவடையில் உட்காருமுன் மாப்பிள்ளை பார்க்கக் கூடாது என்று எங்கள் ஜனங்களில் ஒரு வழக்கம் இருப்பதால் பார்க்காமலே பட்டு வேட்டி எடுத்தான், பார்க்காமலே தாலிக்குப் பொன் உருக்கினான். ஆக, அவளுடைய சொந்த முகத்தை அவன் ஒரு நாளும் கண்டதில்லை. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணப்பெண்ணுக்கு மேக்கப் போட வந்தது எங்கள் ஊர் பியூட்டி பார்லர் ரோஸ்லின். நல்லவள், கைராசிக்காரி, அவள் தொட்டு அலங்கரித்த பெண் எதுவும் வாழாவெட்டியாகத் திரும்பி வந்ததில்லை. ஆனால் அவள் பார்லர் தகர ஷெட், சித்திரை மாசத்தில் அந்தத் தகரத்தின் மேல் அப்பளத்தைப் போட்டால் எண்ணெய் இல்லாமல் பொரிந்துவிடும், அந்தத் தகரத்துக்கு நேர் கீழே பரணில்தான் அவளுடைய கல்யாண மேக்கப் பெட்டி இருந்தது. குவைத்தில் நர்ஸாக இருந்த அவள் சித்தி மகள் எந்தக் காலத்திலோ கொண்டுவந்து கொடுத்த ஃபவுண்டேஷன் பாட்டில் ஒன்று அந்தப் பெட்டிக்குள் மகாராணி மாதிரி வீற்றிருந்தது. ஃபாரின் சாமான் அல்லவா, கண்ட முகத்துக்கும் அதைத் தொடமாட்டாள், பெரிய கல்யாணத்துக்கு மட்டும்தான் என்று பொத்திப் பொத்தி வைத்ததில் பாட்டில் தீரவே இல்லை, தீராத சாமானைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும். அது இறுகிப்போனபோது பன்னீர் ஊற்றிக் கலக்கினாள், மறுபடி இறுகினபோது குழாய்த் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள், பத்துப் பேர் கன்னத்தைத் தொட்ட பஞ்சை அதே பாட்டில் வாயில் வைத்துக் கவிழ்த்தாள், அடியில் அச்சடித்திருந்த தேதி எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அழிந்தே போனது.

கல்யாணத்தன்று விடிகாலையில் மூடியைத் திறந்ததும் ஊதுபத்திப் புகையையும் மீறி ஒரு வாடை வந்தது, மெழுகுவத்தியும் காறல் எடுத்த எண்ணெயும் கலந்த வாடை, அறைக் கதவுக்கு வெளியே நின்ற நாங்கள் எல்லோருமே மோந்தோம். ரோஸ்லின் ஒரு நிமிஷம் யோசித்தாள். தேதி தாண்டித்தான் இருக்கும், தாண்டினால் என்ன, வீரியம் பாதிதானே என்று எங்கள் ஊர்க் கணக்கைப் போட்டு, ஒரு பூச்சுக்கு இரண்டு பூச்சாகப் பூசிவிட்டாள்.

அந்தப் பூச்சு அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது.

அன்று அவளைப் பார்த்தவர்கள் பார்த்தபடி நின்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். குங்குமப்பூ கரைத்த பால் மாதிரி நிறம், கன்னத்தில் வெட்கம் வந்த சிவப்பு, உதட்டோரத்தில் ரோஸ்லின் கொஞ்சம் மேலே ஏற்றி இழுத்த கோட்டில் எப்போதும் இப்போதுதான் சிரிக்க ஆரம்பித்த மாதிரி ஒரு களை. சாயந்திரம் நலுங்கு முடிந்து முகம் கழுவப் போனவள் கழுவினாள் கழுவினாள், தண்ணீர் தாமரை இலையில் உருள்கிற மாதிரி உருண்டு ஓடியது, ஒரு பொட்டுச் சாயம்கூட இறங்கவில்லை. மறுநாள் தேங்காய் எண்ணெய் தேய்த்தோம், அதற்கு மறுநாள் கடலை மாவு, அப்புறம் என் மில்லிலேயே நைஸாக அரைத்த பயத்தம் மாவு, அப்புறம் எவளோ சொன்னாள் என்று மண்ணெண்ணெய். முகம் முகமாகவே இருந்தது. ரோஸ்லின் கர்த்தரே கர்த்தரே என்று அழுதுகொண்டு திருநெல்வேலித் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் சுரண்டிப் பார்த்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, உள்ளே தோல் நன்றாகத்தான் மூச்சு விடுகிறது, ஒன்றும் பயமில்லை என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அதுவும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

தங்கமாரிக்கு இதெல்லாம் பெரிசாகத் தெரியவில்லை. போட்டோவில் இருந்த முகம் வீட்டில் இருக்கிறது, அவனுக்கு என்ன குறை. மறுவீட்டு விருந்துச் சாப்பாடு செரிக்குமுன்னே லீவு முடிந்து பெட்டியைக் கட்டினான், போகும்போது அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்துவிட்டு, இப்படியே இரு என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் அப்படியே இருந்தாள், ஏழு வருஷம்.

ஊர் இருக்கிறதே, அதற்கு ஆச்சரியப்பட ஒரு வாரம் போதும், எட்டாம் நாள் அந்த ஆச்சரியத்தால் நமக்கு என்ன ஆதாயம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடும். நித்திய கல்யாண முகம் ஒன்று தெருவில் இருக்கும்போது வேறு சகுனம் எதற்கு என்று முதலில் சொன்னது பால்பண்ணைக்காரர் வீடு. புது வீட்டில் பால் காய்ச்ச அவளைக் கூப்பிட்டார்கள், போர் போடுகிற இடத்தில் தேங்காய் உடைக்க அவளைக் கூப்பிட்டார்கள், மணமக்களுக்கு ஆலம் சுற்ற அவளைக் கூப்பிட்டார்கள், போட்டோக்காரன் மணப்பெண் வந்து உட்காரும் முன்னால் லைட்டைச் சரிபார்க்க அவளை உட்கார வைத்தான். வெளியூர் கிளம்புகிறவன், பரீட்சைக்குப் போகிறவள், வழக்குக்குப் போகிறவன் எல்லோரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று, கலாவைக் கொஞ்சம் எதிரே வரச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்புவார்கள். அவளும் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தெருவின் அந்தக் கடைசியிலிருந்து எதிரே நடந்து வருவாள், அவர்கள் அவளைத் தாண்டிப் போவார்கள். காலை முழுக்க அவளுக்கு இதே வேலை. எல்லோருக்கும் எதிரே வந்தாள், அவளோடு கூட நடந்தவர் ஒருவரும் இல்லை.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று எவனோ சொல்லி வைத்தான் பாருங்கள், அவன் மட்டும் கையில் கிடைத்தால் என் மில்லில் போட்டு இரண்டு ஓட்டு ஓட்டிவிடுவேன். அவளுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தபோது ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ எதுக்கும்மா வந்தே, நோயாளி யாரு என்று கேட்டார். வீட்டில் அரிசி தீர்ந்து பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிடந்த நாளில் பக்கத்து வீட்டுக்காரி, விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கியே என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அழுதால் கண்ணீர் அந்தப் பூச்சின் மேல் தடம் இல்லாமல் உருண்டு தாடை வழியாக விழுந்துவிடும், உதட்டோரம் சிரித்தபடியே இருக்கும், பார்க்கிறவர்கள் கண்ணில் தூசி என்று நினைப்பார்கள். ஏதாவது ஒரு நாள் கவலையாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாலும், முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது விளையாட்டுப் பேச்சாகத்தான் பட்டது. எங்களுக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கு.

அவள் அம்மா செத்த அன்று நடந்ததைச் சொன்னால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. நாலு ஊர் தள்ளி இருந்த அந்த அம்மாதான் இந்த உலகத்திலேயே அவளுடைய சொந்த முகம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த ஒரே ஆள். உயிர் போகுமுன் மகளைக் கூப்பிட்டு, தடவித் தடவிப் பார்த்து, என் பிள்ளை மூக்குக்குப் பக்கத்தில் ஒரு பரு வடு இருக்குமே, இவ யாரு என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியோடேயே கண்ணை மூடினாள். சாவு வீட்டில் பெண்கள் வட்டம் கூடிக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும்போது சூரியகலாவும் வந்து வட்டத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருத்திக்கும் பாட்டு நின்றுபோனது, பிணத்துக்குப் பக்கத்தில் மணப்பெண் உட்கார்ந்தால் எப்படி ஒப்பாரி வரும். யாரும் அவளைத் திட்டவில்லை. மரியாதையாக, மெதுவாக, நீ கொஞ்சம் உள்ளே போய் இரும்மா என்றார்கள். பெத்த தாய்க்கு அழ வந்தவள் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் தனியாக நின்றாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மதினி, நான் அழுறது யாருக்காவது தெரியுதா?” என்று கேட்டாள். “ஒரே ஒருத்தர், எதுக்குட்டி அழுறேன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும் மதினி. வேற ஒண்ணும் வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை தோறும் தங்கமாரி போனில் முகம் பார்த்துப் பேசுவான். அங்கே அவனுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை. லீவு போட்டு வரலாமா என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பானாம், ஆனால் திரையில் அவளைப் பார்த்ததும் அந்த நினைப்பு அடங்கிவிடுமாம், ஏனென்றால் நேற்றுத்தான் தாலி கட்டின மாதிரி இருந்தாள், சந்தோஷமாக இருக்கிறாள், அவசரம் என்ன, இன்னும் ஒரு ரெண்டு வருஷம் ஓட்டிவிடலாம் என்று தோன்றுமாம். அப்படி ஒரு ரெண்டு வருஷம் ஓட்டினான், அப்புறம் இன்னொரு ரெண்டு வருஷம், அப்புறம் வீட்டுக்கு மாடி எடுக்க ஒரு ரெண்டு வருஷம். மாடி வந்தது. அதில் ஏறிப் பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள். வாங்க, எனக்கு முடியல என்று அவள் சொன்னாள்தான், சொல்லாமல் இல்லை, ஆனால் சொல்கிற முகம் சிரித்துக்கொண்டல்லவா இருந்தது. அவன் ரூமில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, பாருங்கடா என் பெண்டாட்டியை, கோவத்தில்கூட எப்படி இருக்கா என்று காட்டுவானாம்.

ஏழாம் வருஷம் மாசி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பேசிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தி, உதட்டுப் பக்கத்தில் அது என்ன கோடு என்று கேட்டான். அவள் கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். இடது உதட்டோரத்தில், வறண்ட கண்மாயில் விழுகிற வெடிப்பு மாதிரி ஒரு கீறல். மோந்து பார்த்தால் மெழுகுவத்தியும் காறல் எண்ணெயும் கலந்த அந்தப் பழைய வாடை. திரும்பி வந்து, பூச்சு விட்டுப் போகுது போலிருக்கு என்றாள்.

“கெட்டுப் போறதுக்குள்ள வந்துடுறேன்,” என்றான். வைகாசி முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டான்.

ஏழு வருஷம் வாங்க வாங்க என்று கூப்பிட்டு வராதவன் ஒரு கீறலைப் பார்த்ததும் டிக்கெட் போட்டான். இதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது அவள் குரலில் சந்தோஷமும் இருந்தது, வேறு என்னமோவும் இருந்தது. முகத்தில் வழக்கம்போலக் கல்யாணம்தான் இருந்தது.

அவள் சொன்ன கதையை நான் ரகசியமாகத்தான் வெளியில் சொன்னேன், சொன்னேனே, என் தொண்டை அப்படி, சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துபோனது. மாப்பிள்ளை வருகிறவரைக்கும் அந்த முகத்தைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியது தெருவின் பொறுப்பு என்று எல்லோரும் ஒரே மனசாக எழுந்தார்கள். நடுவில் பங்குனி இருந்தது, சித்திரை இருந்தது, அக்கினி நட்சத்திரம் இருந்தது. ரோஸ்லின் அந்தப் பாவத்துக்குப் பின்னால் ஒழுங்காகப் படித்திருந்தாள், இப்போது எந்த டப்பா வாங்கினாலும் திறந்த தேதியை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவாள், டப்பாவின் முதுகில் வாய் திறந்த குப்பியின் படம் போட்டு உள்ளே ஒரு எண் இருக்கும், திறந்தபின் அத்தனை மாசம்தான் ஆயுசு என்று ஊருக்கே சொல்லிக் கொடுப்பாள், கண்ணுக்குப் போடுகிற மஸ்காராவை மூணு மாசத்தில் குப்பையில் போடுவாள், வாடை மாறினால் யோசிக்கவே மாட்டாள். அவளைக் கேட்டார்கள், மேக்கப் கெடாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று. அவள் மனசாரச் சொன்னாள். வெயில் படக் கூடாது. சூடு ஆகாது, ஈரம் ஆகாது. கண்டவர் விரல் படக் கூடாது. மூடியை அடிக்கடி திறக்கக் கூடாது.

அத்தனையையும் அப்படியே சூரியகலாவுக்குச் செய்தார்கள்.

வடக்குப் பார்த்த அறையில் அவளை வைத்தார்கள், ஜன்னலுக்குக் கனத்த போர்வை மாட்டினார்கள், வெட்டிவேர்த் தட்டி கட்டித் தெருப்பெண்கள் முறை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள், மண்பானைகளில் தண்ணீர் நிரப்பி மூலைக்கு ஒன்று வைத்தார்கள். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்தார்கள், அதிலும் ஆவி பறக்கக் கூடாது என்று ஆறவைத்துக் கொண்டுவந்தார்கள், அதிகம் மென்றால் கீறல் விரியும் என்று குழைய வடித்தார்கள். அவளைத் தொட்டுப் பேசக் கூடாது, பேசினால் சிரிப்பாள், சிரித்தால் வெடிக்கும், ஆகவே பேசவும் கூடாது. கதவை ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் திறப்பதில்லை. யார் மனசிலும் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் கொடுமை, அத்தனை பேரும் அவ்வளவு அன்பாகச் செய்தார்கள், அரைத்து வைத்த மருதாணியைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். உள்ளே இருட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எங்களுக்கு எல்லாம் மறந்துபோய், முகம் எப்படி இருக்கு, முகம் தாங்குமா என்றுதான் தெருவில் பேச்சாக இருந்தது. நான் மெஷினை நிறுத்துகிற நேரத்தில் மட்டும் அந்தச் சுவருக்குள்ளிருந்து அவள் தனக்குத்தானே பேசுகிற சத்தம் கேட்கும், வெளியே வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பழகுகிறவள் மாதிரி, பாத்திர பண்டங்களின் பேரையும் ஊர்களின் பேரையும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

வைகாசி வந்தது. திருவனந்தபுரத்தில் இறங்கி பஸ்ஸில் வருகிறான் என்று தகவல் வந்தது, தெருவே மாலையும் மேளமுமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது, ரோஸ்லின் ஒரு ரோஜா மாலையோடு எல்லோருக்கும் முன்னால் போனாள். எனக்கு மட்டும் மில்லில் மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் விட்டால் நாசமாகிவிடும், அதனால் நின்றுவிட்டேன். உச்சி வெயில். தெருவில் ஒரு காக்கை இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிர்வீட்டு வடக்கு அறைக் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

அவள் வெளியே வந்து முற்றத்தில் வெயிலில் நின்றாள். அண்ணாந்து நின்றாள், காயப்போட்ட துணி மாதிரி அப்படியே நின்றாள். அப்புறம் மூன்று கல்லைக் கூட்டி விறகு அடுப்பு மூட்டினாள், கேஸ் அடுப்பு உள்ளே இருக்க விறகு அடுப்பை மூட்டினாள், உலை வைத்தாள், குழம்புக்குக் கூட்டினாள், அனலில் குனிந்து குனிந்து ஊதினாள். அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய்த் தடுக்கவா, ஊரைக் கூப்பிடவா என்று ஒரு கணம் கால் பரபரத்தது, ஆனால் போகவில்லை. அவள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரமாக வந்து நின்றுகொண்டேன். கீறல் கன்னத்துக்கு ஏறியது, நெற்றிக்கு ஏறியது, சோற்றை வடிக்கிற ஆவி முகத்தில் அடித்தபோது ஆறின பாலில் ஆடை விலகுகிற மாதிரி பூச்சு ஒரு ஓரமாக விலகியது. அவள் தாடைப் பக்கத்தில் விரலைக் கொடுத்து உரித்தாள். மொத்தமாக வந்தது. ஒரு தடவை அதை விரித்துப் பார்த்தாள், முருங்கை மரத்தடியில் இருந்த குப்பையில் போட்டாள். எறும்புகூட அதை அண்டவில்லை.

உள்ளே இருந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏழு வருஷம் காற்றுப் படாத முகம், ஈரத்தில் ஊறிய விரல் நுனி மாதிரி வெளிறிச் சுருங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே பள்ளம், வாய் ஓரம் கீழ்நோக்கி இறங்கியிருந்தது, மூக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பரு வடு. முப்பது வயசுக்காரிக்கு நாற்பது சொல்லலாம். அழகு என்று சொல்லமாட்டேன், பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது. ஆனால் அது ஒரு ஆளுடைய முகமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் மேளம் காத்துக்கொண்டிருக்க, தங்கமாரி தென்காசியிலேயே இறங்கி கார் பிடித்துக் கிழக்குப் பாதையில் வந்து வீட்டு வாசலில் இறங்கிவிட்டான். அவசரம் அவனுக்கு, கெட்டுப் போகுமுன்னே வர வேண்டுமே. தொப்பை வைத்திருந்தது, மீசைக்கு அடித்திருந்த டை வியர்வையில் கரைந்து வாய் ஓரத்தில் கறுப்பாக ஒழுகியிருந்தது. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவன் அடுப்பு முன்னால் நின்றவளைப் பார்த்தான், அவளைத் தாண்டி வீட்டுக்குள்ளே பார்த்தான்.

“யக்கா, கலா உள்ளயா இருக்கா?” என்று கேட்டான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், ஏழு வருஷ வெள்ளிக்கிழமைக் குரல் அல்லவா. தலையை மட்டும் ஆட்டினாள், கையால் உட்காரச் சொன்னாள், செம்பில் தண்ணீர் கொடுத்தாள். சமைக்க வந்த பெண் என்று அவன் நினைத்திருப்பான், கல்யாணப் பெண் அலங்காரம் முடித்து வர நேரம் ஆகும் என்று நினைத்திருப்பான், பசியும் இருந்திருக்கும். உட்கார்ந்தான். இலை போட்டாள், சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். அவன் ஒவ்வொரு வாய்க்கும் கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். முன்னால் நின்று பரிமாறுகிறவளைப் பார்க்கவில்லை. வாய் ஓயாதவள் என்று பேர் வாங்கின நான், அடே பாவி, நிமிர்ந்து பார் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் அது நான் சொல்லி அவன் பார்க்க வேண்டிய பார்வை இல்லை.

இரண்டாம் தரம் ரசத்துக்கு இலையைக் குழித்தபோதுதான் அவன் நிமிர்ந்தான். கரண்டியோடு குனிந்திருந்தவளின் முகம் பக்கத்தில் இருந்தது. அவள் கன்னத்தில் இரண்டு பக்கமும் ஈரக்கோடு இறங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது, கீழ் உதடு நடுங்கியது, எல்லாம் அப்படியே தெரிந்தது. அவன் கை இலையிலேயே நின்றது. மனுசன் கெட்டவன் இல்லை, கண்ணுக்குத் தெரிந்ததைக் கேட்கத் தெரிந்தவன்தான்.

“எதுக்குக்கா அழுறீக?” என்று கேட்டான்.

கரண்டி கீழே விழுந்தது. அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, முகத்தை மூடாமல், துடைக்காமல், நான் என் காதால் கேட்டதை அப்படியே சொல்கிறேன், “ஏழு வருசமா அழுறேங்க. இப்பத்தான் உங்க கண்ணுக்குத் தெரியுது,” என்றாள்.

குரல் போய்ச் சேர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்தான், வீட்டுக் கதவைப் பார்த்தான், மறுபடி அந்த முகத்தைப் பார்த்தான், குரல் அவளுடையது, முகம் யாரோ, இரண்டையும் சேர்த்து வைக்க அவனால் ஆகவில்லை. எச்சில் கையை இலையில் ஊன்றிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

“கலா,” என்றான் மூடிய கண்ணோடு. “பேசு. இன்னொரு வாட்டி பேசு.”

கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவரைக்கும் அவனுக்கு அவள் கிடைப்பாள், அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தூரத்தில், பஸ்ஸில் ஆளைக் காணாமல் திரும்பிக்கொண்டிருந்த ஊரின் மேளச் சத்தம் கேட்டது. முற்றத்து வெயிலில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கண்ணத் தொறங்க,” என்றாள்.

அவன் திறக்கிறவரைக்கும் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை.